நஷ்டஈட்டுக் கணக்கில் எழுதாத காசு

செபராங் பிறைத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்கும் நம் பிள்ளைகள் இப்பொழுது மிகவும் குறைந்துவிட்டார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் விலைபோய் வீடுகளும் தொழிற்பேட்டைகளுமாக மாறிவிட்டன. லயத்தில் பிறந்த பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி ஜார்ஜ் டவுனுக்கு வேலைக்குப் போகிறார்கள். கம்பெனிக்குப் போகிறவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். கவுன்சில் குப்பை லாரி, கால்வாய்ச் சுத்தம், புல் வெட்டு, பொதுப்பணி இலாகா ரோட்டு வேலை, பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை என்று பொது வேலைக்குப் போகிறவர்களும் நிறையப் பேர். "கவர்மெண்டு வேலை கெடச்சிருச்சி, இனிமே கவலை இல்லே" என்று தாய்மார்கள் தண்ணீர்மலை முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வருவதை நாம் பார்த்திருக்கிறோம்.

கை கால் நன்றாக இருக்கும் வரையில் கவலை இல்லைதான். லாரியிலிருந்து வழுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டால்? கால்வாயில் இறங்கி எலிக்காய்ச்சல் வந்துவிட்டால்? "அதுக்குத்தான் சொக்சோ இருக்கே!" என்பார்கள். சொக்சோ இருக்கிறது, உண்மை. ஆனால் ஒரு விபத்தின் முழுச் செலவு சொக்சோ சீட்டில் எழுதியிருக்கும் தொகையோடு முடிந்துவிடுவதில்லை. அந்தச் சீட்டில் வராத செலவு ஒன்று உண்டு. அதில் ஒரு பங்கைக் கவுன்சில் தனக்கே தெரியாமல் கட்டுகிறது. மீதியை நம் வீட்டு அடுப்படி கட்டுகிறது. இந்த வாரம் அந்தச் செலவைத்தான் பேசப் போகிறோம்.

முதலாளி என்றால் தோட்டத்துத் துரை மட்டும் அல்ல. கவுன்சிலும் முதலாளிதான். அதன் கல்லாப் பெட்டியில் இருப்பது வீட்டுவரி கட்டுகிற பொதுமக்களின் காசு. ஆகவே அங்கே ஒரு வெள்ளி வீணாகப் போனால் அது நம் காசும்தான்.

பினாங்கில் இந்த உறவு மிகப் பழையது. ஜார்ஜ் டவுன் முனிசிபாலிட்டி 1857-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் ரோடுகளைப் போட்டவர்களிலும், கால்வாய்களைக் கூட்டியவர்களிலும், மலத்தொட்டி சுமந்தவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். 1957 ஜனவரி 1-ஆம் தேதி ஜார்ஜ் டவுன் மலாயாவின் முதல் மாநகரம் ஆயிற்று. அதன் மேயராக இருந்தவர்களில் ஒருவர் டி. எஸ். இராமநாதன், தொழிற்கட்சியைச் சேர்ந்த தமிழர். அந்தக் காலத்தில் கவுன்சிலரை ஓட்டுப் போட்டு அனுப்பியது ஜனங்கள். "எங்க ஆளுக்கு அடிபட்டு ஆறு மாசம் ஆச்சு, என்னா செஞ்சீங்க?" என்று அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்க முடியும். 1965-இல் நகராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. இன்றுவரை திரும்பி வரவில்லை. இப்பொழுது நியமன உறுப்பினர்கள்தான். இது அரசியல் பேச்சு என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கணக்குக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் கணக்கு மறைந்து போகும் என்பதற்காகச் சொன்னோம்.

நஷ்டஈட்டுச் சட்டத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஜெர்மனியில் 1884-இலும் பிரிட்டனில் 1897-இலும் தொழிலாளர் விபத்துச் சட்டங்கள் வந்தன. இந்தியாவுக்கு 1923-இல் வந்தது. நம் பெரியவர்கள் அறிந்தது 1952-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி ஆள் செத்தாலும் கை போனாலும் ஒரே தடவை மொத்தமாக ஒரு தொகை. தொழிலாளர் இலாகா மூலமாக அது வந்து சேர்வதற்குள் கடன்காரன் வாசலில் நிற்பான். கருமாதிச் செலவு, மூத்த பெண்ணின் கல்யாணம், பழைய கடை பாக்கி என்று இரண்டு வருஷத்துக்குள் பணம் கரைந்துவிடும். அதற்குப் பிறகு விதவையும் பிள்ளைகளும் என்ன சாப்பிடுவார்கள் என்று சட்டம் கேட்கவில்லை.

1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம்தான் அதைக் கேட்டது. அதன்படி 1971-இல் சொக்சோ இயங்கத் தொடங்கியது. இன்று பெர்கேசோ என்று சொல்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். வேலையில் அடிபட்டு எம்.சி. குறைந்தது 4 நாள் இருந்தால், கணக்கிட்ட அன்றாடச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வேலை விபத்தில் இறந்துபோனால் குடும்பத்துக்கு 90 விழுக்காடு: அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. அதுவும் ஒரே தடவையாக அல்ல, மாதாமாதம். 1952-ஐ நினைத்துப் பார்க்கும் பெரியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அரசாங்க வேலை, கவுன்சில் வேலை என்று வரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது. பென்ஷன் திட்டத்தில் இருக்கும் நிரந்தர அரசாங்க ஊழியருக்குச் சொக்சோ கிடையாது. அவருக்கு 1980-ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டங்களும், வேலை விபத்துக்காக அரசாங்கம் கொடுக்கும் கருணைத் தொகையும்தான். ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் தற்காலிக ஊழியருக்கும் சொக்சோ உண்டு. குத்தகைக்காரரின் ஆள் என்றால் குத்தகைக்காரர்தான் அவருக்குச் சொக்சோ கட்ட வேண்டும். ஆக ஒரே ரோட்டில் ஒரே வேலை செய்கிற மூன்று பேருக்கு மூன்று வழி இருக்கக்கூடும். உங்கள் பிள்ளை எந்த வழி என்று தெரியவேண்டுமானால் சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சொக்சோ பிடித்தம் இருக்கிறதா இல்லையா என்பது அதிலே தெரிந்துவிடும். பிடித்தமும் இல்லை, பென்ஷன் வேலையும் இல்லை என்றால் உடனே கேட்க வேண்டிய விஷயம் அது. அடிபட்ட பிறகு கேட்டால், கேள்விக்குப் பதில் வருவதற்குள் எம்.சி. முடிந்துவிடும்.

இனி அந்த மறைந்த செலவுக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஹெச். டபிள்யூ. ஹெய்ன்ரிக் என்று ஒரு காப்புறுதிக் கம்பெனிக்காரர் இருந்தார். ஆயிரக்கணக்கான விபத்துச் சீட்டுகளைப் பார்த்து 1931-இல் ஒரு புத்தகம் எழுதினார். நஷ்டஈடும் வைத்தியச் செலவும் 1 வெள்ளி என்றால், கணக்கில் ஏறாத செலவு 4 வெள்ளி என்று அதில் சொன்னார். அந்த 4 என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். ஒரு வேலையில் கூடும், ஒரு வேலையில் குறையும். நாமும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. மறைந்த செலவு என்று ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிபோங் திபால் பக்கத்துத் தம்பி ஒருவர், குப்பை லாரியில் பின்னால் தொற்றிக்கொண்டு போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 1,800 வெள்ளி. அதாவது நாளுக்கு 60 வெள்ளி. மழை நாளில் படியில் கால் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. டாக்டர் 30 நாள் எம்.சி. கொடுத்தார். சொக்சோ ஏறத்தாழ நாளுக்கு 48 வெள்ளி வீதம், மொத்தம் 1,440 வெள்ளி கொடுக்கும். இதுதான் வெளியே தெரிகிற கணக்கு. இதில் அலுவலகத்தின் கைக்காசு எவ்வளவு? இந்த விபத்துக்காகத் தனியாக ஒரு காசும் இல்லை. மாதாமாதம் கட்டும் சந்தா மட்டும்தான்.

சந்தாவும் பெரிய தொகை அல்ல. வேலை விபத்துக்காக முதலாளி கட்டுவது சம்பளத்தில் 1.25 விழுக்காடு. நம் தம்பிக்கு ஏறத்தாழ 22 வெள்ளி 50 காசு. வருஷத்தில் ஒரு விபத்தும் நடக்காத இடமும் அதே விகிதம்தான் கட்டுகிறது, பத்துப் பேர் விழுகிற இடமும் அதே விகிதம்தான் கட்டுகிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே விபத்து கூடினால் காப்புறுதிச் சந்தாவும் கூடும். சொந்தப் பணத்திலிருந்தே நஷ்டஈடு கொடுக்கும் கவுன்சில்களுக்கு ஒவ்வொரு விபத்தும் நேராகக் கல்லாப் பெட்டியில் அடிக்கும். அதனால் அங்குள்ள அதிகாரிகள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். நம் நாட்டில் சந்தாவும் ஏறுவதில்லை. அதோடு, சொக்சோ உள்ள தொழிலாளி வேலை விபத்துக்காகத் தன் முதலாளி மேல் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போடவும் முடியாது. சட்டத்தின் 31-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. ஆகவே அலுவலகத்தில் இருப்பவர் கண்ணுக்கு விபத்து ஒரு செலவாகவே தெரிவதில்லை. "சொக்சோ பாத்துக்கும்" என்று கோப்பை மூடிவிடுகிறார்.

ஆனால் அந்த 30 நாளும் லாரி ஓடத்தானே வேண்டும்? தம்பியின் இடத்தில் இன்னொருவர் தினமும் 4 மணி நேரம் ஓவர்டைம் செய்கிறார் என்று வையுங்கள். மாதம் 26 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 1,800 வெள்ளிக்கு ஒரு மணி நேரச் சம்பளம் 8 வெள்ளி 65 காசு. ஒன்றரை மடங்கு போட்டால் ஏறக்குறைய 13 வெள்ளி. 26 நாளுக்கு 104 மணி நேரம், 1,352 வெள்ளி. சொக்சோ கொடுத்த 1,440-க்கு இது கிட்டத்தட்டச் சமம்! இது எந்தக் கோப்பில் இருக்கிறது? விபத்துக் கோப்பில் இல்லை. ஓவர்டைம் கணக்கில் கலந்துபோய்விட்டது. வருஷக் கடைசியில் "ஏன் இவ்வளவு ஓவர்டைம்?" என்று மேலதிகாரி மண்டோரைத் திட்டுவார். கணுக்கால் முறிந்ததால் வந்த ஓவர்டைம் என்று மண்டோருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்னும் இருக்கிறது. அன்று காலை லாரி ஒரு மணி நேரம் நின்றது. டிரைவரும் கூட வந்த ஆளும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தத் தெருக் குப்பை மறுநாள்தான் எடுபட்டது. வீட்டுக்காரர்கள் புகார் செய்தார்கள், அதற்கு ஓர் உத்தியோகத்தர் பதில் எழுதினார். கிராணி பாரம் எழுதினார், தப்பாக எழுதித் திரும்பி வந்து மறுபடி எழுதினார். புது ஆளுக்கு வேலை பழக நாள் பிடித்தது. பழகாத ஆள் அவசரத்தில் தன் கையை நசுக்கிக்கொண்டால் அது இன்னொரு விபத்து. ஓவர்டைம் செய்து செய்து களைத்துப் போனவர் விழுந்தால் அதுவும் இன்னொன்று. நம் தோட்டத்திலும் இது உண்டே! ஒருவர் படுத்தால் மற்றவர் தலையில் இரண்டு நிரை ஏறும்.

இனி வீட்டுக் கணக்கு. 1,800-க்குப் பதில் 1,440 வந்தது. 360 வெள்ளி குறைவு. தம்பி வழக்கமாகச் செய்யும் ஓவர்டைம் காசும் போயிற்று. மோட்டார் சைக்கிள் தவணை நிற்காது, வீட்டு வாடகை நிற்காது. ஆஸ்பத்திரிக்குப் போய் வர வாடகைக் கார். சம்சாரம் கம்பெனியில் வேலை என்றால் அவரும் லீவு போட வேண்டும். பணம் கைக்கு வரச் சில வாரம் தாமதமானால் அடகுக் கடை, அதற்கும் மேலே போனால் ஆலோங். சொக்சோ பணம் வந்த அன்றே வட்டிக்காரன் வாங்கிக்கொண்டு போன கதையை நாம் ஒரு வீட்டில் அல்ல, பல வீட்டில் கேட்டிருக்கிறோம். கவுன்சிலின் மறைந்த செலவு ஓவர்டைம் கணக்கில் கலந்து போகிறது. நம் மறைந்த செலவு தாலிக்கொடியில் போய் முடிகிறது.

இந்தச் செலவைக் குறைக்க வேண்டும் என்பதில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சண்டை இல்லை. எப்படிக் குறைப்பது என்பதில்தான் சண்டை.

சில இடங்களில் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். அடிபட்டவனிடம் மேலாளர் நயமாகப் பேசுவார். "தம்பி, சொக்சோன்னு எழுதினா ரிப்போர்ட்டு, விசாரணைன்னு அலைச்சல். சாதாரண எம்.சி.யாப் போட்டுக்குவோம். அங்கே எம்பது பெர்சண்டுதான் கெடைக்கும், இங்கே முழுச் சம்பளம் வந்துரும்." கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. முழுச் சம்பளம் யாருக்குக் கசக்கும்? விபத்தே இல்லாத இலாகா என்று சுவரில் பலகை மாட்டியிருக்கும் இடங்களில் இந்த இனிப்பு அதிகம். பலகையில் எழுதிய நாள் கணக்கு உடையக்கூடாதாம்!

இதன் விலை என்ன என்று பாருங்கள். சாதாரண எம்.சி.க்கு ஓர் எல்லை உண்டு. வேலைச் சட்டப்படி 2 வருஷத்துக்குக் குறைவான சேவை என்றால் வருஷத்துக்கு 14 நாள், 5 வருஷம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். கணுக்காலுக்கு அதைச் செலவழித்துவிட்டால் பிறகு காய்ச்சல் வந்தால் சம்பளமில்லா லீவுதான். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கணுக்கால் மடங்க மறுக்கிறது, நிரந்தர ஊனம் என்று டாக்டர் சொல்கிறார். சொக்சோ அலுவலகம் கேட்கிறது, "எந்த விபத்து?" ஆஸ்பத்திரி அட்டையில் "வீட்டில் விழுந்தார்" என்று எழுதியிருக்கிறது. வேலையிடத்தில் பதிவே இல்லை. 30 நாளில் 360 வெள்ளி மிச்சம் பிடித்தவர், ஆயுள் முழுக்க வரவேண்டிய பணத்தை இழந்து நிற்பார். சொக்சோ பாரத்தை மறைத்ததால் கவுன்சிலுக்கு ஒரு காசு சந்தா குறைந்ததா? இல்லை, 1.25 விழுக்காடு அப்படியேதான் இருக்கிறது. யாருக்கும் லாபம் இல்லாத இந்தத் திருட்டுத்தனத்தை ஏன் செய்கிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை. பலகைக்காக என்றால் அந்தப் பலகையைக் கழற்றிப் போடுவதே மேல்.

விபத்தை மறைத்தால் விபத்தின் காரணமும் மறைந்துகொள்ளும். லாரிப் படி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது என்று தம்பியின் பாரத்தில் எழுதியிருந்தால் சொற்பச் செலவில் படியை மாற்றியிருக்கலாம். எழுதாததால் அடுத்த ஆளும் அதே படியில் கால் வைப்பார்.

இதை ஹெய்ன்ரிக்கும் சொன்னார். பெரிய விபத்து ஒன்றுக்கு முன்னால் சின்ன அடிகளும், யாருக்கும் அடிபடாத தப்பிப் பிழைத்தல்களும் நிறைய நடந்திருக்கும் என்பது அவர் கருத்து. பினாங்கு இதைக் கண்ணால் பார்த்தது. பாயா தெருபோங் பக்கம் புக்கிட் குக்குஸ் மலையில் மாநகர் மன்றத்தின் சாலைத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. வேலையைச் செய்தவர்கள் குத்தகைக்காரர்களின் ஆட்கள். 2018 அக்டோபரில் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியில் காங்கிரீட் உத்தரங்கள் சரிந்து விழுந்தன. உயிர்ச்சேதம் இல்லை. சில நாள் கழித்து, அக்டோபர் 19-ஆம் தேதி, அதே திட்டத்தின் இன்னொரு பகுதியில் மண் சரிந்தது. 9 தொழிலாளர்கள் மண்ணுக்குள் போனார்கள். எல்லாரும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் கப்பல் ஏறி வந்ததைப் போல.

வேலை நிறுத்தப்பட்டது. மாநில அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. வேலை நின்ற ஒவ்வொரு நாளும், நடந்த ஒவ்வொரு விசாரணையும் பொதுப் பணத்துக்குச் செலவுதான். அந்த 9 குடும்பங்களுக்கு? அந்தச் சமயத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குச் சொக்சோ இல்லை. நாம் மேலே சொன்ன 1952-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவர்களுக்கு இன்னமும் நடப்பில் இருந்தது. மரணத்துக்குச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு 18,000 வெள்ளி, அதற்கு மேல் காப்புறுதியிலிருந்து கொஞ்சம். மாதாமாதப் பணம் என்பது கிடையாது. 2019 ஜனவரி 1 முதல்தான் அவர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்தார்கள். இரண்டரை மாதத்தில் தவறிப்போன பாதுகாப்பு! நம் தோட்டத்தில் பக்கத்து நிரையில் செம்பனை வெட்டும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் இந்தோனேசியத் தம்பிக்கும் இந்த உரிமை இருக்கிறது என்பதை யாராவது சொல்லியிருக்கிறார்களா? நாம்தான் சொல்ல வேண்டும்.

பணம் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் பொது நிறுவனம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இந்தியாவைப் பார்க்கலாம். சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. குழிக்குள் செத்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொன்னது. சாவு நிற்கவில்லை. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. குழியைச் சுத்தம் செய்ய இயந்திரம் இருக்கிறது. ஆளை இறக்குவது மலிவு என்று கணக்குப் போடுகிறவர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள், மற்ற மாநிலங்களிலும் இருக்கிறார்கள். அந்த மலிவுக் கணக்கில்தான் தப்பு இருக்கிறது.

சரி, ஒழுங்கான வழி எது? நம் அபிப்பிராயத்தில் முதல் காரியம், விபத்தால் வந்த ஓவர்டைமை விபத்துக் கணக்கிலேயே எழுதுவது. எந்த இலாகாவில் ஆள் விழுந்தாரோ அந்த இலாகாவின் பெயரில் அது நிற்க வேண்டும். அப்பொழுதுதான் படி தேய்ந்த லாரி எவ்வளவு தின்கிறது என்று தெரியும். மண்டோருக்கு நல்ல பெயர் கொடுப்பதாக இருந்தால், விபத்தே நடக்கவில்லை என்று சொல்பவருக்குக் கொடுக்காமல், நடந்த அன்றே எழுதிக் கொடுத்தவருக்குக் கொடுக்கட்டும். கையுறை, பூட்ஸ், மழைச்சட்டை வாங்கும் பணத்தை வெட்டி மிச்சம் காட்டும் உத்தியோகத்தரைப் பார்த்தால் நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அவர் மிச்சம் பிடித்தது ஒரு ஜோடி பூட்ஸ். அதற்குப் பதில் ஓவர்டைமாகக் கொடுக்கப் போவது 1,352 வெள்ளி.

சட்டமும் இப்பொழுது கொஞ்சம் பல்லோடு இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க இலாகாக்களையும் கவுன்சில்களையும் விட்டுவைக்கவில்லை. 40 பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் தொழிலாளர் தரப்பும் உட்கார வேண்டும். 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகலாம். கண் முன்னே உடனடி உயிராபத்து இருந்து, முதலாளி அதை அகற்ற நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு.

அடுத்தது, அடிபட்டவரை வேலைக்குத் திரும்பக் கொண்டுவருவது. சொக்சோ 2007-இலிருந்து வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 2014-இல் மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையமும் திறந்தது. ஆறு மாதம் வீட்டில் படுத்தவருக்கு உடம்போடு மனமும் விழுந்துவிடும் என்பது நாம் கண்ட உண்மை. டாக்டர் சம்மதித்தால் லேசான வேலை கொடுக்கலாம். ஸ்டோரில் சாமான் எண்ணலாம், டெலிபோன் எடுக்கலாம், புது ஆளுக்கு வேலை சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் "லைட் வேலை" என்று பெயர் வைத்து, கட்டுப்போட்ட காலோடு வரச் சொல்லி நாள் முழுக்க வெயிலில் நிற்க வைப்பதும் உண்டு. அது செலவைக் குறைக்கும் வழி ஆகாது. என்ன வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை வாரம் என்பதை டாக்டர் காகிதத்தில் எழுதித் தரவேண்டும். காகிதம் இல்லாத லைட் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். அடிபட்டால் அன்றைக்கே மண்டோரிடமோ அலுவலகத்திலோ சொல்லுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும். போனில் எழுதி அனுப்பினால் தேதியும் நேரமும் அதிலேயே நிற்கும். முதலாளிக்குத் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அவர் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. டாக்டரிடம் முதல் தடவை போகும்போதே எங்கே, எப்படி அடிபட்டது என்று சொல்லுங்கள். யாரோ சொன்னார் என்று "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். கூட இருந்த ஆளின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி., ரசீது, பாரம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாலும் சரி, தொலைக்காமல் இருந்தால் போதும்.

வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ உண்டு. பாலத்தில் தினமும் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். வழியை விட்டு விலகிச் சொந்தக் காரியமாக எங்காவது போயிருந்தால் அந்த உரிமை போய்விடலாம். போலீஸ் ரிப்போர்ட் எழுதும்போது எங்கிருந்து எங்கே போனோம், எத்தனை மணிக்குப் புறப்பட்டோம் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். ஊனத்துக்கு எத்தனை விழுக்காடு என்று முடிவு செய்வது மருத்துவக் குழு. அந்த விழுக்காடு குறைவு என்று பட்டால் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அதற்குக் கெடு உண்டு. ஆகவே கடிதம் வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். மலாயில் இருக்கிறது என்று தள்ளி வைக்காமல், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டுத் தேதியை வாசிக்கச் சொல்லுங்கள்.